பெயர்களின் கோப்பு

க்ளைபெடா துறைமுகத்தில்
காற்று மிஞ்சினால் கிரேன்களை நிறுத்தச் சொல்லும் நிரலுக்கு
இருபத்திரண்டு வயது.
இந்த வெள்ளிக்கிழமை இரவு அதற்கு வீடு மாற்றம்.
சிவிஎஸ்ஸிலிருந்து கிட்டுக்கு.

பழைய வீட்டுக்குச் சில பழக்கங்கள்.
அழித்த கோப்பை அது அழிப்பதில்லை,
பரணில் போட்டு வைக்கும்.
அந்த அடைவின் பெயரே பரண்தான்.
ஏறிப் பார்த்தேன்:
செல்லாத லிட்டாஸில் ஒரு கட்டண அட்டவணை,
இடித்துவிட்ட கப்பல்துறையின் வரைபடம்,
சோதனை2,
சோதனை2_கடைசி,
சோதனை2_இதுதான்_கடைசி.

ஒவ்வொரு கோப்பும் தன் கதையை
மட்டும் வைத்திருக்கிறது.
யாரோடு சேர்ந்து மாறினோம் என்று
எதற்கும் ஞாபகமில்லை.
மாற்றும் கருவிதான் ஊகிக்கிறது:
ஒரே ஆள், ஒரே குறிப்பு, ஐந்து நிமிட இடைவெளி என்றால்
ஒரே காரியம்.
நடுவில் காபி எடுக்கப் போனவன்
வரலாற்றில் இரண்டு முறை உழைத்தவனாகிறான்.

குறிப்புகளைப் படிக்கிறேன்.
"சரிசெய்தேன்."
"மறுபடி சரிசெய்தேன்."
பிறகு அதிகாலை 3:12க்கு
வெறும் ஒரு புள்ளி.
பழைய எழுத்துருக் குழப்பத்தில்
எங்கள் மொழியின் சில எழுத்துகள் உதிர்ந்திருக்கின்றன.
காற்று என்று வரும் இடமெல்லாம்
சொல்லின் நடுவே ஒரு பல் போயிருக்கிறது:
"கா?று வரம்பு இருபதிலிருந்து பதினெட்டு."

இனிப் பெயர்களின் கோப்பு.
இடப்பக்கம் ஐந்தெழுத்தில் ஓர் ஆள்,
வலப்பக்கம் முழுப்பெயரும் முகவரியும்.
எதிர் மேசை ஸ்கிர்மன்தேயின் கணக்கில்
நாலாயிரத்து நூற்றுப் பதினாறு பதிவுகள்.
என்ன பெயர் போடட்டும் என்று கேட்டேன்.

நாற்காலியைத் திருப்பினாள்.
"சேர்ந்தபோது வைத்குனைத்தே.
வாலைப் பார்த்தாலே தெரியும், இன்னும் அப்பன் வீட்டில் இருப்பவள்.
2006இலிருந்து ரிம்கெவிச்சியெனே.
அதுவும் வாலிலேயே தெரியும்.
2014க்குப் பிறகு..."
காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

ஓர் ஆளுக்கு ஒரே வரிதான்,
எல்லா ஆண்டுகளுக்கும் சேர்த்து.
தேதிவாரியாகப் பிரிக்க வேண்டுமானால்
நாற்பது வரி நிரல் எழுதித் தருகிறேன் என்றேன்.
"2007 மார்ச்சில் ஒரு பெரிய தப்பு செய்தேன்.
இரண்டு கிரேன் ஒரே கப்பலுக்குப் போய் நின்றன.
அதை மட்டும் ரிம்கெவிச்சியெனே கணக்கில் எழுது" என்றாள்.
இருவரும் சிரித்தோம்.
அவள் கொஞ்சம் முன்னதாக நிறுத்தினாள்.

புள்ளிக்காரன் மன்த்வீதஸ்.
வேலையை விட்டுப் பதினெட்டு ஆண்டுகள்,
இப்போது காயலுக்கு அந்தப் பக்கம், ப்ரெய்லாவில்
புகையூட்டிய மீன் விற்கிறான்.
தொலைபேசியில் பின்னால் ஏதோ பொரிந்தது.
"நானா? மூன்று பன்னிரண்டுக்கா?
அது மகள் பிறந்த வாரம் இல்லையோ..."
பிறகு, குரலைத் தாழ்த்தி:
"அந்தப் புள்ளியை எடுத்துவிட முடியுமா?
பார்க்கிறவர்கள் என்னை என்ன நினைப்பார்கள்?"

முடியும். இன்று இரவு வரை.
நாளை புது வீட்டில்
ஒவ்வொரு பதிவும் முந்தியதன் கைரேகையைத்
தன்னுள் வைத்துக்கொண்டு நிற்கும்.
ஒரு புள்ளியை எடுத்தால்
அதற்குப் பின்னே வந்த இருபதாயிரத்துக்கும்
ரேகை மாறும்.
சரி என்றேன் அவனிடம்.
எடுக்கவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு ஓடவிட்டேன்.
இரண்டே முக்காலுக்கு முடிந்தது.
பழையதன் கடைசி நிலையையும்
புதியதன் கடைசி நிலையையும் ஒப்பிட்டேன்.
வேறுபாடு எதுவும் வரவில்லை, திரை காலி.
பழைய வீட்டை வாசிக்க மட்டும் என்று பூட்டினேன்.

வெளியே வினாடிக்குப் பத்தொன்பது மீட்டரில் காற்று.
ஏழு கிரேன்களும் கையை உயர்த்தி
அசையாமல் நிற்கின்றன.
நிறுத்திய வரியை எழுதியது யார் என்று
புதிய வீட்டில் முதல் கேள்வியாகக் கேட்டுப் பார்த்தேன்.
'தற்காலிகம்' என்றது.
ஏதோ ஒரு கோடையில்
மூன்று பயிற்சி மாணவர்கள்
பங்கு போட்டுக்கொண்ட கணக்கு அது.
மூவரில் யார் என்று
கோப்பில் இடமில்லை.